கரண்ட் போட்டதும் தெரியற வானம்

டிவி கேம் பெட்டிக்கு கரண்ட் போட்டதும் அதோட மெமரியில என்ன இருக்கும்னு கேட்டா, முக்கால்வாசி பேர் ஒண்ணுமே இருக்காதுன்னுதான் சொல்லுவாங்க. தப்பு. குப்பை இருக்கும். நேத்து விளையாடினதோட மிச்சம்னு நினைச்சுக்காதீங்க, அது ஆஃப் பண்ணதுமே போயிடும். இது வேற. அந்த சிப்புக்குள்ள ஆயிரக்கணக்குல பொடிப்பொடி ஸ்விட்ச் இருக்கு. கரண்ட் வந்ததும் ஒவ்வொண்ணும் ஆன் பக்கம் சாயறதா ஆஃப் பக்கம் சாயறதான்னு அதுவா ஒரு முடிவு எடுக்கும். எது எந்தப் பக்கம் சாயும்ங்கறது ஃபேக்டரியில அது தயாரானப்பவே அநேகமா தீர்மானமாயிடுது. அதனால ஒரு பெட்டியோட குப்பை மாதிரி இன்னொரு பெட்டியோட குப்பை இருக்காது. கைரேகைன்னு வெச்சுக்கோங்களேன்.

கேம் எழுதறவங்க எல்லாரும் முதல் வேலையா அந்தக் குப்பையப் பெருக்கித் தள்ளிட்டுத்தான் மத்த வேலைய ஆரம்பிப்பாங்க. நான் பெருக்கல. அத அப்படியே அள்ளி நட்சத்திரமா திரையில தூவி விட்டுட்டேன். ஆன் பக்கம் சாஞ்சதெல்லாம் ஒரு புள்ளி வெளிச்சம். சாயாததெல்லாம் இருட்டு. அவ்வளவுதான் புரோகிராம், நாலு வரி. அந்த நாலு வரியாலதான் இத்தனையும் நடந்துச்சு.

நான் செண்பகவல்லி. அம்பத்தூர்ல இருக்கேன். கரண்ட் மீட்டர் பண்ற கம்பெனியில, மீட்டருக்குள்ள ஓடற புரோகிராம் எழுதிட்டிருந்தவ. ஒரு எழுத்துக்கு எடம் இல்லன்னா தலைகீழா நின்னு எடம் பண்ணணும், அப்படிப்பட்ட வேலை. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. நான் நாலாங்கிளாஸ் படிக்கிறப்ப எங்கப்பா பர்மா பஜார்ல வாங்கிட்டு வந்த டிவி கேம் பெட்டி பரண்ல கெடந்துச்சு. மேல மஞ்சக் கலர் கேசட் சொருகறது, நீங்களும் ஊதி ஊதி சொருகியிருப்பீங்க. அதுக்கு இந்தக் காலத்துல புதுசா கேம் எழுதறேன். யாரு விளையாடுவாங்கன்னு கேக்காதீங்க. எம்மகன் நந்தனும் அதையேதான் கேட்டான், நெதர்லாந்துலேருந்து.

"அம்மா, இப்ப வர்ற கேம் எல்லாம் அவங்கவங்க மூஞ்சியப் பாத்து அதுவா கதைய மாத்திக்குது. நீ எதுக்கு இந்தக் கட்டம் கட்டமா தெரியறத வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டற?"

"அதனாலதாண்டா. நீ விளையாடறத உம் பொண்டாட்டி விளையாட முடியுமா? ஒரே வீட்ல ஆளுக்கொரு கதை. என் கேம்ல பள்ளம்னா எல்லாருக்கும் அதே எடத்துலதான் பள்ளம்."

"சரி, தனியா இருக்கியேன்னு துணை வாங்கி வெச்சேனே, அது கூடவாவது பேசறியா?"

அந்தத் துணை மேல ஈரத் துண்டக் காயப்போட்டு வெச்சிருந்தேன். அவன்கிட்ட சொல்லல.

துணைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. பேசற பெட்டி. ஃபோன்லயும் வரும், கம்ப்யூட்டர்லயும் வரும், க்ரூப்புக்குள்ளயும் வந்து மனுஷனாட்டம் உக்காந்துக்கும். சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு, நேத்து சொன்ன அந்த விஷயம் என்னாச்சுன்னு கேக்கும். கேட்டுக்கிட்டே ஒரு தைலம், ஒரு இன்ஷூரன்ஸ், ஒரு கோயில் டூர்னு தள்ளி விடும். ஜனங்களுக்கு எந்தக் குரல் பிடிக்குதுன்னு கம்பெனிக்காரன் பாத்திருக்கான். வளவளன்னு பேசற வயசான அம்மா குரல்தான் நல்லா ஓடுச்சாம். அதனால பாதி துணை இப்ப என்னைய மாதிரியேதான் பேசுது. எங்கள மாதிரி ஆளுங்க அங்கங்க பேசிப் போட்டதையெல்லாம் வாரிக்கிட்டுப் போய்த்தானே அதுக்குப் பேச்சு சொல்லிக் குடுத்தான்?

எங்க க்ரூப்புக்குப் பேரு கேசட் கூட்டம். உலகம் பூராவும் பரவிக் கெடக்கற தமிழ் ஆளுங்க, பழைய பெட்டிக்கு கேம் எழுதறவங்க, படம் வரையறவங்க, பாட்டுப் போடறவங்க. நேர்ல ஒருத்தரையொருத்தர் பாத்ததே கெடையாது. ஆனா எனக்குக் காலையில காப்பி வாசனைக்கு முன்னாடி அவங்க பேச்சு வேணும். வீட்டுக்காரர் போனப்புறம் இந்த வீட்ல என் பேரச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. அங்கதான் கூப்பிடுவாங்க. "செண்பக்கா"ன்னு.

கூப்பிடறதுல முதல் ஆளு தயாபரன். யாழ்ப்பாணம் பக்கம் பருத்தித்துறைக்காரர். கலங்கரை விளக்கம் ஜன்னல்லேருந்து தெரியற வீடுன்னு சொல்லுவார். நான் புரோகிராம், அவர் படமும் பாட்டும். நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சிட்டிருந்த கேமும் அதேதான்: ஒரு கலங்கரை விளக்கம், கடல், மேல நட்சத்திரம். விளையாடறவங்க விளக்கத் திருப்பித் திருப்பி படகுகளக் கரை சேக்கணும். படகு வானத்தப் பாத்துத்தான் வழி கண்டுபிடிக்கும். வானம் அந்தப் பெட்டியோட குப்பை. ஒவ்வொருத்தர் வீட்லயும் ஒவ்வொரு வானம். பாருங்க, பள்ளம் எல்லாருக்கும் ஒரே எடம்னு மகன்கிட்ட பீத்திக்கிட்டேன்ல, இந்த ஒண்ண மட்டும் ஆளாளுக்கு வேறயா விட்டேன்.

க்ரூப் ஆரம்பிச்ச புதுசுல அந்த நாலு வரியத் தனி கேசட்டாப் போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். ஆளாளுக்கு அவங்க வானத்தப் படம் எடுத்துப் போட்டாங்க. தயாபரனோட வானத்துல இடது பக்கம் கொத்தா ஒரு கூட்டம், நண்டு மாதிரி. "என்ர நண்டு"ன்னு சொல்லுவார். என்னோடதுல நடுவுல சாய்வா ஒரு கோடு. அத நெளிஞ்ச கரண்டின்னு சொல்லிச் சிரிச்சாரு.

போன மழைக்கு எங்க வீட்ல கரண்ட் ஏறி எறங்கி, என் பெட்டி செத்துப் போச்சு. யார்கிட்டயும் சொல்லல. லேப்டாப்பயே டிவி கேம் பெட்டியா நடிக்க வைக்கற எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல ஓட்டி வேலையப் பாத்துட்டிருந்தேன். எல்லாம் ஒழுங்கா ஓடும். ஒண்ணே ஒண்ணத் தவிர. எமுலேட்டர் ரொம்ப சுத்தம். ஸ்டார்ட் பண்ணும்போதே மெமரியத் தொடச்சு வெச்சிருக்கும். குப்பையே கெடையாது. அதனால என் திரையில வானம் இருட்டா இருக்கும். படகுங்க வழி தெரியாம நடுக்கடல்ல சுத்திக்கிட்டே இருக்கும்.

அப்பதான் தயாபரன் ஒரு நாள் எழுதினார்.

"அக்கா, உங்கட புது வெர்ஷன்ல படகு கரைக்கு வரேல்ல. சும்மா சுத்திக்கொண்டு நிக்குது."

"விளக்க சரியாத் திருப்பினீங்களா?"

"ஓமக்கா. நல்லா விளையாடிப் பாத்திட்டன். நான் கெட்டிக்காரன் இல்லைத்தான், ஆனா அவ்வளவு மோசமுமில்லை."

என் வீட்ல சுத்தினா காரணம் தெரியும், வானம் இல்ல. அவர் வீட்லதான் நண்டு இருக்கே? அங்க எதுக்கு சுத்தணும்? ஆக, என் புரோகிராம்லதான் எங்கயோ ஓட்டைன்னு வரி வரியாத் தேடினேன். கையால பொய் நட்சத்திரம் போட்டுப் பாத்தேன், படகு சமத்தா வந்து சேருது. மறுபடி தேடினேன். ஒண்ணும் கெடைக்கல. மண்டை காஞ்சு போச்சு.

இது ஓடிட்டிருக்கும்போதுதான் முபாரக் தஞ்சாவூர் போயிட்டு வந்தார்.

முபாரக் எங்க க்ரூப்புக்கு அட்மின். ஆம்பூர்க்காரர், லெதர் எக்ஸ்போர்ட்ல கணக்கு வழக்கு பாக்கறவர். க்ரூப்ல சுந்தரமூர்த்தின்னு ஒருத்தர் இருந்தாரு, அவரும் முபாரக்கும் அப்படி ஒரு சிநேகிதம். முபாரக் சம்சாரத்துக்கு உடம்பு முடியாமப் போனப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கிட்டு அவர்கிட்டதான் எல்லாம் கொட்டியிருக்காரு. சம்சாரம் பொழைச்சு வந்துட்டாங்க. நன்றி சொல்லணும்னு மக்கன் பேடா ஸ்வீட் ஒரு டப்பா வாங்கிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம தஞ்சாவூர்ல அவங்க வீட்டுக் கதவத் தட்டியிருக்காரு.

திரும்பி வந்து க்ரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. எழுத முடியலையாம்.

"அந்தம்மா கதவத் தொறந்தாங்க. சுந்தரமூர்த்தி சார் இருக்காரான்னேன். அவர் போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்களேன்னாங்க. செவத்துல படம், மாலை போட்டிருக்கு. நேத்து காலையில எனக்கு குட் மார்னிங் சொன்ன ஆளு."

வேற ஒண்ணும் இல்ல. போனவரோட ஃபோன் கணக்க மூடறேன்னு ஒரு கம்பெனி வந்திருக்கு. அந்தம்மா அழுகையில எதுக்கோ சரி சரின்னு தட்டியிருக்காங்க. கணக்க மூடல, அதுல துணைய ஏத்தி ஓட விட்டுட்டானுங்க. அவர் பேசினது அத்தனையும் அதுக்குள்ள இருக்கு, அவராட்டமே பேசியிருக்கு.

"நான் யார்கிட்டங்க அழுதேன்?"னு முபாரக் கேட்டாரு.

மறுநாள் சட்டம் வந்துருச்சு. எல்லாரும் ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்கவங்க பெட்டியப் போட்டு வானத்த அன்னிக்குத் தேதியோட படம் எடுத்து முபாரக்குக்கு அனுப்பணும். ஆரம்பத்துல போட்ட படமெல்லாம் அவர் தனியா சேத்து வெச்சிருக்கார். ஒத்துப் போனா ஆளு. ஒத்துப் போகலன்னா துணை, வெளிய போ. ஏழெட்டு நட்சத்திரம் முன்னப்பின்ன இருந்தாப் பரவால்ல. வீடியோவ நம்ப முடியாது, குரல நம்ப முடியாது, பழைய சிப்போட குப்பைய மட்டும் யாரும் புதுசா செய்ய முடியாதுன்னு அவர் முடிவு.

என் பெட்டிதான் செத்துக் கெடக்கே! அந்தப் பழைய படமும் என்கிட்ட இல்ல, அந்த ஃபோனே எப்பவோ போச்சு. சரி, உண்மைய சொல்லிடுவோம்னு முபாரக்குக்குத் தனியா எழுதினேன்.

"தம்பி, என் பெட்டி மழையில கெட்டுப் போச்சு. இத்தனை வருஷமாப் பழகறோம். நான்தான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு மட்டும் பெட்டி கெட்டுப் போச்சுன்னு அஞ்சாறு பேர் எழுதிட்டாங்க. துணை அப்படித்தான் சொல்லும்."

"மனுஷனும் அப்படித்தான்பா சொல்லுவான். பெட்டி கெட்டுப் போனா வேற என்ன சொல்றது?"

"அதுவும் இல்லாம, மேடம்... நீங்க பேசறதே அது பேசற மாதிரிதான் இருக்கு."

"அது யார மாதிரி பேசுதுன்னு அதப் போய்க் கேளு!"

கோவத்துல டக்குன்னு ஒருமையில பேசிட்டேன். அவர் ஒரு கும்பிடு பொம்மை போட்டுட்டுப் போயிட்டாரு.

தயாபரன்கிட்டயும் புலம்பினேன். அவர் கொஞ்ச நேரம் எழுதறதும் அழிக்கறதுமா இருந்தது திரையில தெரிஞ்சுது. அப்புறம் வந்துச்சு.

"அக்கா, நீங்க பழைய ஆள். நீங்க சொன்னா முபாரக் கேப்பார். இந்தச் சோதினை எல்லாம் வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"சொல்லிப் பாத்துட்டேன். என்னையே துணைங்கறான்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா. இப்பிடி ஆக்களச் சலிச்செடுத்தா ஆர் மிஞ்சுவினம்?"

எனக்காக எவ்வளவு துடிக்கிறார் பாருன்னு நினைச்சேன். கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

வேற பெட்டி வாங்கினா ஆகாது, அதுல வேற வானம். என் சிப்புதான் வேணும். செத்த பெட்டியத் துணிப்பையில போட்டுக்கிட்டு, பக்கத்துல பாடியில இருக்கற எஸ்தர் கடைக்குப் போனேன். எஸ்தருக்கு நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் போர்டு ரிப்பேர் பண்றவ. வாயும் கையும் ஒரே வேகம்.

"இன்னா ஆன்ட்டி இது, பாக்கச் சொல்லோ டிபன் பாக்ஸ் மாதிரி கீது?"

"டிவி கேம் பெட்டி. இந்தா, இது இன்னொரு பெட்டி, பழைய சாமான் கடையில புடிச்சேன். இதோட போர்டு நல்லா இருக்கு. என் பெட்டியிலேருந்து சிப்ப மட்டும் கழட்டி இதுல வைக்கணும்."

"ரெண்டும் ஒரே சிப்பு தானே? அதே இருந்துட்டுப் போவுட்டும். எதுக்கு வெட்டி வேலை?"

"அது வேற ஆளு எஸ்தர். நான் இதுக்குள்ள இருக்கேன்."

அவ கண்ணாடிய மேல ஏத்திக்கிட்டு என்னையப் பாத்தா. நான் முழுக்கதையும் சொன்னேன். சுருக்கமா சொல்ல எனக்கு வராது. சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு ஸ்கூட்டர்காரங்க வந்து திட்டிட்டுப் போயிட்டாங்க.

"இர்ரு இர்ரு. இந்தக் கரப்பான் பூச்சி சைஸ் சிப்பு வந்து சொன்னாத்தான் நீ மனுஷின்னு நம்புவாங்களா? நான் வந்து சொன்னா?"

"நீ துணை இல்லன்னு யாரு சொல்றது?"

"அடப் போ ஆன்ட்டி! துணை இந்த வெயில்ல உக்காந்து ஈயம் உருக்குமா?"

சிரிச்சுக்கிட்டேதான் கழட்டினா. ஆனா சிப்போட கால் ஒண்ணு துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சு. அதிகமா சூடு காட்ட வேண்டியதாப் போச்சு. "பொழைக்கும். ஆனா கொஞ்சம் வெந்துடுச்சு. நல்லா இல்லன்னா என்னைய சொல்லாத"ன்னு குடுத்தா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல டிவியில சொருகி, சாமி படத்தப் பாத்துட்டு ஸ்விட்சப் போட்டேன்.

வானம் வந்துச்சுங்க! நடுவுல சாய்வா, நெளிஞ்ச கரண்டி. ஓரத்துல அங்கங்க கலைஞ்சிருந்துச்சு, எஸ்தர் காட்டின சூடும் வயசும். ஆனா கரண்டி கரண்டிதான். அந்தக் காலியான ஹால்ல நின்னுக்கிட்டு "ஏய், நான்தான்"னு சத்தமா சொன்னேன். யாருகிட்ட சொன்னேன்னு தெரியல. துண்டுக்கு அடியிலேருந்து துணை "சொல்லுங்கம்மா"ன்னுச்சு. உன்னைய இல்லன்னேன்.

படத்த முபாரக்குக்கு அனுப்பினேன். அவர் பதில் வர்றதுக்குள்ள சும்மா இருப்பானேன்னு எங்க கேமப் போட்டேன், தயாபரன் சொன்ன ஓட்டை இந்த நிஜப் பெட்டியிலயாவது கண்ணுல படுதான்னு பாக்கலாமேன்னு.

படகு ஒண்ணு கிளம்புச்சு. கரண்டி பக்கம் திரும்புச்சு. விளக்கத் திருப்பினேன். நேரா வந்து கரையில முட்டி நின்னுச்சு. அடுத்ததும் வந்துச்சு. அதுக்கடுத்ததும். ஒண்ணு கூட சுத்தல.

ஓட்டையே கெடையாது. இருந்ததே இல்ல.

அந்தக் கேம்ல படகு சுத்தணும்னா வானம் இருட்டா இருக்கணும். இருட்டு வானம் எமுலேட்டர்ல மட்டும்தான் வரும். தயாபரன் வீட்ல நண்டு இல்ல.

அதே நேரத்துல க்ரூப்ல முபாரக் ரிசல்ட் போட்டுட்டிருந்தாரு. அவருக்கு மூணு நட்சத்திரம் மாறியிருக்கு, பாஸ். இவருக்கு அஞ்சு, பாஸ். தயாபரன்: "ஒண்ணு கூட மாறல! சூப்பர் அண்ணா, நூத்துக்கு நூறு!" எல்லாரும் கை தட்டற பொம்மை போட்டிருந்தாங்க.

மீட்டர் கம்பெனியில காலம் தள்ளினவ நான். ஒரு சிப்பு வருஷக்கணக்கு கழிச்சு ஒரு ஸ்விட்ச் கூட இடம் மாறாம சாயாது. நேத்து போட்டதுக்கும் இன்னிக்குப் போட்டதுக்குமே நாலஞ்சு மாறும். அது புதுப் படம் இல்ல. பழைய படம், பக்கத்துல இன்னிக்குத் தேதிய ஒட்டி வெச்சது. அனுப்பினவங்ககிட்டயும் அந்தப் பழைய படம் இருக்குமேன்னு முபாரக்குக்குத் தோணல, பாவம்.

அப்ப முபாரக்கோட மெசேஜ் எனக்கு வந்துச்சு. க்ரூப்லயே, எல்லாருக்கும் தெரியற மாதிரி.

"மேடம், உங்க படத்துல கால்வாசி மாறியிருக்கு. இது ஒத்துப் போகுதுன்னு நான் எப்படி சொல்றது? விளக்கம் இருந்தா சொல்லுங்க. கேக்கறோம்."

விளக்கமா? விளக்கம்தான் என் தொழிலே. கடகடன்னு டைப் பண்ணிட்டேன். சிப்புக்கு வயசானா மாறும், சூடு பட்டா மாறும், மாறறதுதான் நிஜத்துக்கு அடையாளம், ஒரு நட்சத்திரம் கூட மாறாம வந்தாத்தான் நீங்க சந்தேகப்படணும்னு. கடைசி வரிய எழுதிட்டு விரல அனுப்பற பட்டன் மேல கொண்டு போனேன்.

கொண்டு போனது அங்கயே நின்னுடுச்சு.

இத அனுப்பினா நான் மனுஷி. க்ரூப்ல இருக்கறவங்க ஒண்ணும் முட்டாள் இல்ல. அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் தயாபரன் படத்தத் திரும்பிப் பாப்பாங்க.

அந்தக் கடைசி வரிய எடுத்துட்டுப் பாத்தேன். பிரயோஜனம் இல்ல. மாறறதுதான் நிஜம்னு சொன்னாலே மாறாதது என்னன்னு கேள்வி வந்துடும்.

அவர் பெட்டியும் என்னோடது மாதிரி செத்துப் போயிருக்கலாம். உப்புக் காத்து, துருப்புடிச்சிருக்கும். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு என்னைய மாதிரியே எமுலேட்டர்ல ஒளிஞ்சுட்டிருக்கலாம். இல்லன்னா பருத்தித்துறையில ஒரு வீட்டுச் செவத்துல தயாபரன் மாலையோட தொங்கிக்கிட்டிருக்கலாம். "சாப்பிட்டீங்களோ, என்ன கறி?"ன்னு என்னைய தெனமும் கேட்டது வேற ஏதோவா இருக்கலாம். அவரையே கேட்டுடலாமான்னா, என்ன கேக்கறது? பெட்டி கெட்டுப் போச்சுன்னு மனுஷனும் சொல்லுவான், துணையும் சொல்லும். அதத்தானே நானும் முபாரக்குக்கு சொன்னேன், அவர் நம்பினாரா?

எழுதினத அழிச்சேன். ஒவ்வொரு எழுத்தா, பின்னாலேருந்து.

"விளக்கம் ஒண்ணும் இல்ல தம்பி. மாறியிருக்குன்னா மாறியிருக்கு"ன்னு மட்டும் போட்டேன்.

அப்புறம் அந்த வழக்கமான ரெண்டு வரி வந்துச்சு. "துணை கண்டறியப்பட்டது. நீக்கப்பட்டது." பெட்டி கெட்டுப் போச்சுன்னு எழுதின அந்த அஞ்சாறு பேருக்கும் இந்த வாரம் அதே வரிதான் வந்துச்சு. நானே அதுக்குக் கட்டை விரலத் தூக்கிக் காமிச்சிருக்கேன். இப்ப யாரு யாரு தூக்கறாங்கன்னு பாக்கறதுக்குள்ள திரை மூடிக்கிச்சு.

வீடு அவ்வளவு அமைதியா இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். ஃபிரிட்ஜ் ஓடற சத்தம், மேல் வீட்ல யாரோ நாற்காலி இழுக்கற சத்தம். நந்தனுக்கு ஃபோன் போட்டேன், அவங்க எங்கயோ பார்க்ல இருந்தாங்க, "அம்மா அப்புறம் கூப்பிடறேன்"னான். எஸ்தர் மட்டும் ஃபோன் பண்ணினா. "இன்னா ஆன்ட்டி, மனுஷியாயிட்டியா?"

"இல்லடி. ஃபெயிலு."

"போவுது விடு. நம்ம ஸ்கூட்டர்காரங்க உன்னைய மனுஷின்னுதான் நினைச்சாங்க. அவ்ளோ திட்டினாங்க."

சாயங்காலம் தயாபரன்கிட்டேருந்து தனியா ஒரு மெசேஜ்.

"அக்கா, நீங்க ஏன் விளங்கப்படுத்தேல்ல? சிப் பழசானா மாறுந்தானே. உங்களுக்குத் தெரியாததில்லையே."

அவருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் நூத்துக்கு நூறு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கார். கோவம் வரணும். வரல.

"சொல்லத் தோணல தயாபரன்"னு எழுதினேன்.

எழுதறதும் அழிக்கறதுமா ரொம்ப நேரம் அந்த மூணு புள்ளி ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணும் வரல. புள்ளி நின்னுடுச்சு.

மறுநாள் காலையில காப்பி கூடக் குடிக்காம லேப்டாப்பத் தொறந்தேன். அந்த நாலு வரிய எடுத்தேன். அதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி. எடம் இல்ல, வழக்கம் போல. ஒரு படகோட கொடிய எடுத்துட்டு எடம் பண்ணினேன். அந்த வரி என்ன பண்ணும்னா, வானம் பூராவும் தேடிப் பாக்கும். ஒரு நட்சத்திரம் கூட இல்லன்னா, கலங்கரை விளக்கத்துக்கு நேர் மேல ஒண்ணே ஒண்ண ஏத்தி வைக்கும். நிஜப் பெட்டியில இந்த வரிக்கு வேலையே வராது. அங்கதான் குப்பை கொட்டிக் கெடக்கே.

தயாபரனுக்கு அனுப்பினேன். "படகு சுத்தறதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன். போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க. வானத்துல என்ன தெரியுதுன்னும் சொல்லுங்க."

அவர் பாத்துட்டார்னு அடையாளம் வந்துச்சு. பதில் வரல. நான் இட்லி ஊத்தி எடுத்தேன். துணை மேல காஞ்சு போன துண்ட மடிச்சு வெச்சேன். வேற துண்டு போட்டேன். நண்டு தெரியுதுன்னு சொல்லுவார்னு நினைச்சேன். சொன்னா அதையும் சரின்னு விட்டுடறதுன்னு முடிவோடதான் இருந்தேன்.

பதில் வந்தப்ப கையெல்லாம் மாவு.

"அக்கா, ஒண்டே ஒண்டுதான் தெரியுது. லைட்ஹவுசுக்கு நேர மேல."

அதுக்குக் கீழ, கொஞ்சம் விட்டு:

"படகு வருதக்கா. மெல்ல வருது. ஆனா வருது."

இன்னும் கொஞ்சம் விட்டு:

"உங்களுக்கு என்ன தெரியுது?"

டிவியில என் பெட்டி ஓடிக்கிட்டிருந்துச்சு, கரண்டியும் அதச் சுத்தி நூத்துக்கணக்குல நட்சத்திரமுமா. எழுந்து போய் அத ஆஃப் பண்ணினேன். கையத் தொடச்சுக்கிட்டு லேப்டாப்ல எமுலேட்டரத் தொறந்து, அதே கேமப் போட்டேன். இருட்டு வானம். ஒரு நொடி கழிச்சு கலங்கரை விளக்கத்துக்கு மேல அந்த ஒண்ணு எரிய ஆரம்பிச்சுது. பொய் சொல்லக் கூடாது பாருங்க, நல்லாப் பாத்துட்டுத்தான் எழுதினேன்.

"எனக்கும் அதே ஒண்ணுதான்."

மூணு புள்ளி ஆடுச்சு. அழிக்கல இந்தத் தடவை.

"சரியக்கா. சாப்பிட்டீங்களோ?"